கெர்மிட் லூமாவின் துப்பாக்கி ஏன் இடப்பக்கம் சுட்டது

1.

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமில்லை. இதில் வரும் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. அவ்வளவுதான்.

எனக்கு இதைச் சொன்னவர் டேரில் செப்பானென். இடம், டயர் கடை. பனிக்கால டயர் மாட்ட எல்லோரும் ஒரே வாரத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிற ஊர் இது. பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஒரு தமாஷ் கேளு தம்பி" என்று ஆரம்பித்தார். பாதிக்கு மேல் அவருக்கே சிரிப்பு வரவில்லை. "உங்கிட்ட சொன்னா யாருக்குப் போகப்போகுது" என்றும் சொன்னார். அதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சுப்பீரியர் ஏரியின் மேலிருந்து எழுந்த நவம்பர் காற்று, ஊசியிலை மரங்களின் ஊடே ஒரு பழைய சோகத்தை—"

நிறுத்திவிட்டேன். காற்றுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

அடுத்து இப்படி: "கெர்மிட் லூமா ஒரு கோழை."

இதுவும் பொய்தான். ஆனால் கதையில் இருக்கிற எல்லோரும் நம்புகிற பொய். கெர்மிட்டும் நம்புகிறார். அதனால் இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

2.

கெர்மிட் லூமா ஒரு கோழை. கேம்ப்பில் அவருக்குப் பெயர் "ஜுரம்".

கேம்ப் என்பது காட்டுக்குள் இருக்கும் ஒரு மரக்குடிசை. மான் சீசனில் பங்குக்காரர்கள் எல்லோரும் அங்கே போய்த் தங்குவார்கள். பங்கு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். வேண்டாதவர் சீசன் கடைசி விருந்தில் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கெர்மிட்டின் பங்கும் அப்பா வழியில் வந்ததுதான். குடிசையின் கதவு, ஜன்னல் எல்லாம் அவர் கையால் போட்டவை. ஊரில் கதவு ஜன்னல் வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மானைக் குறிபார்த்துச் சுடும் நேரத்தில் கை நடுங்கிப்போகிறவனுக்கு இந்தப் பக்கம் "மான் ஜுரம்" என்பார்கள். எவனுக்கும் ஒருமுறை வரும், போகும். கெர்மிட்டுக்குப் போகவே இல்லை. மானைச் சுட்டுத் தவறவிட்டால் அன்று சாயங்காலம் சட்டையின் பின்வாலைக் கத்தரித்துப் பெயரெழுதிச் சுவரில் அடிப்பது வழக்கம். கேம்ப்பின் கிழக்குச் சுவரில் கெர்மிட்டின் சட்டைவால்கள்தான் பெரும்பான்மை. கட்டம் போட்டது, கோடு போட்டது, அவர் மனைவி அய்லி பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்தது. ஒருவகையில் அவருடைய வாழ்க்கை வரலாறு.

(இந்த வரியை எடுத்துவிடலாம். அழகாக இருக்கிறது, அதுதான் குறை.)

ஆகஸ்ட் மாதம் சரளைக் குழியில் காகிதம் ஒட்டிக் குறி சரிபார்க்கும்போது கெர்மிட்டின் துப்பாக்கி பிசகியதே இல்லை. மூன்று தோட்டாவும் ஒரு காபி டப்பா மூடிக்குள் விழும். கேம்ப்பில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ராட்னி பெல்லோ அதை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்.

"துப்பாக்கி சரியாத்தான்யா இருக்கு. பின்னாடி நிக்கிற ஆளைத்தான் மாத்தணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கெர்மிட்டும் சிரித்தார். நவம்பரில் தோட்டா மானுக்கு இடப்பக்கம் போயிற்று.

3.

கதாநாயகன் கெர்மிட் இல்லை. டேரில். அவர்தானே சொன்னார், அவருக்கு ஒரு நல்ல இடம் கொடுக்க வேண்டும்.

டேரில், அய்லியின் தம்பி. கெர்மிட்டின் மைத்துனன். அந்தத் துப்பாக்கி மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். வால்நட் மரக்கட்டை, பிடியில் கையால் செதுக்கிய வரிகள், இழுத்தால் எண்ணெயில் வழுக்குகிற மாதிரி நகரும், தோட்டா ஏற்றுகிற தாழ். இப்போது வருகிறவற்றில் கட்டையெல்லாம் பிளாஸ்டிக். 'இப்படி ஒரு பொருளை இந்த மனுஷன் கையில் கொடுத்துவிட்டார்களே' என்று டேரில் நினைத்ததுண்டு. நினைத்ததாக அவரே சொன்னார்.

வசந்த காலத்தில் ஒருநாள் கெர்மிட்டின் வண்டிக்கொட்டகையில்:

"மாப்ளே, ஏரி ஐஸ்ல துளை போடுற மிஷின் வெச்சிருந்தியே, என்ன பண்ற அதை?"

"சும்மாதான் கெடக்கு மச்சான்."

"எனக்குக் குடு. துப்பாக்கியை நீ எடுத்துக்கோ."

"எந்தத் துப்பாக்கி?"

"நான் என்ன ராணுவமா நடத்துறேன்? இருக்கிறது ஒண்ணு."

டேரில் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார். "மச்சான், யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

"மீனு பரவால்லடா. நான் சுடுறேனா இல்லையான்னு நின்னு பாக்காது. இந்த வருஷம் கேம்ப்புல சமையல் பாத்துக்கறேன். கடைசி விருந்தன்னிக்குச் சாவியை ராட்னியோட மருமகன்கிட்ட குடுத்துடறேன். அந்தப் பையன் ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கான்."

"பங்கையே குடுக்கறீங்களா? நீங்க போட்ட கதவு மச்சான் அதெல்லாம்."

"கதவு சுடுமா?"

அக்கா வந்துவிடுவாளோ என்று டேரில் சட்டென்று கையை நீட்டினார். கெர்மிட் குலுக்கினார். இந்த ஊர்ப் பண்டமாற்றில் கை குலுக்கியபின் பேச்சில்லை. பொருளில் என்ன கோளாறு என்று வாங்கினவன் கேட்கக்கூடாது. நீ ஏமாந்துவிட்டாய் என்று கொடுத்தவனுக்குச் சொல்லவும் கூடாது.

துளை போடும் மிஷின் கிளம்புவதற்கு முன் ரொம்ப இருமும் என்பதை டேரில் சொல்லவில்லை.

4.

[இங்கே டேரிலுக்கு ஒரு மனசாட்சி உறுத்தல் எழுதியிருந்தேன். இருட்டில் படுக்கையில் புரள்வதாக. டேரிலைப் பார்த்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். நன்றாகத் தூங்குகிற முகம். எடுத்துவிட்டேன்.]

5.

ஆகஸ்டில் சரளைக் குழி. மூன்று தோட்டா, காபி மூடி. டேரிலுக்குக் கெர்மிட் மேல் பரிதாபமே வந்துவிட்டது. பரிதாபம் வந்தால் மனுஷனுக்கு ஒரு அங்குலம் உயரம் கூடும்.

நவம்பரில் கேம்ப். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், சுற்றிக் காட்டுகிற வேலை எனக்குப் பிடிக்காவிட்டாலும். குளிரிலிருந்து வந்த துப்பாக்கியைச் சூடான குடிசைக்குள் கொண்டுபோனால் அதன்மேல் இருக்கும் குறிபார்க்கும் கண்ணாடி வேர்த்துவிடும். அதனால் எல்லோரும் வாசல் தாழ்வாரத்து ஆணிகளில் மாட்டிவிடுவார்கள். ஆனால் அந்த ஆணி, மான் அடித்தவனுக்கு. இன்னும் அடிக்காத புது ஆள் சவுனாவின் உடை மாற்றும் அறையில் மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் மான் விழுந்ததும் கைதட்டித் தாழ்வாரத்துக்கு மாற்றுவார்கள்.*

சவுனா என்றால் சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்து வேர்க்கும் அறை. கேம்ப்பில் தினமும் சாயங்காலம் உண்டு. ஆவியெல்லாம் கதவிடுக்கு வழியாக உடை மாற்றும் அறைக்குத்தான் வரும்.

கெர்மிட்டின் துப்பாக்கி அந்த அறையைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

டேரிலுக்குத் தாழ்வாரத்தில் சொந்த ஆணி உண்டு. புதுத் துப்பாக்கியை அதில் மாட்டப் போனார். ராட்னி தடுத்தார்.

"டேய் டேரில், அதுக்கு அங்க வெச்சா தூக்கம் வராது. பழகின எடத்துல கொண்டுபோய் மாட்டு."

"ஆணி எனக்குத்தானே அண்ணே, துப்பாக்கிக்கா?"

"இந்தத் துப்பாக்கிக்கு இப்ப சட்டம் மாத்தியாச்சு. ஒரு மான் அடிச்சுட்டு வா, பாத்துக்கலாம்."

சிரிப்பு. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கெர்மிட்டும் சிரித்தது கேட்டது. டேரில் சிரித்துக்கொண்டே கொண்டுபோய் மாட்டினார்.

* மற்றவர்களும் முதல் வருஷம் அங்கேதானே மாட்டினார்கள், அவர்கள் எப்படி அடித்தார்கள் என்று கேட்பீர்கள். பாதிப் பேருடையது பிளாஸ்டிக் கட்டை. மீதிப் பேர் முதல் நாள் காலையிலேயே, சவுனா மூட்டுவதற்கு முன்பே, அடித்துவிட்டார்கள். கெர்மிட்டை வருஷாவருஷம் புது ஆள் என்றே மான் வராத சதுப்பு ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அவருக்கு முதல் மான் தெரியவே ஒவ்வொரு வருஷமும் நாலைந்து சவுனா ஆகிவிடும்.

6.

முதல் இரண்டு நாளும் டேரிலுக்கு மான் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் காலை, கல்லெறி தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி, நல்ல கொம்புமான் ஒன்று, பக்கவாட்டில், படத்துக்கு நிற்கிற மாதிரி நின்றது. டேரில் மூச்சை அடக்கிச் சுட்டார். மானுக்கு முன்னால், இடப்பக்கம் இருந்த பிர்ச் மரத்தில் பட்டை தெறித்தது. மான் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது.

அன்று சாயங்காலம் டேரிலின் சட்டைவால் கெர்மிட்டின் சட்டைவால்களுக்குப் பக்கத்தில் ஏறியது. "ஜுரம் தொத்திக்கிச்சு!" என்று ராட்னி மேசையைத் தட்டினார்.

இனிவரும் பத்திக்காகத்தான் கதையே எழுதுகிறேன். அதனால் அலங்காரம் இல்லாமல்.

டேரில் ஒருமுறை தவறினார். மறுநாள் காலையே துப்பாக்கியைச் சந்தேகப்பட்டார். கெர்மிட் வருஷக்கணக்காகத் தவறினார். ஒருநாளும் துப்பாக்கியைச் சந்தேகப்படவில்லை.

டேரில் ஒரு காகிதத் தட்டை மரத்துண்டில் குத்திவைத்துச் சுட்டார். எல்லாம் ஒரு சாண் இடப்பக்கம். சரி என்று அடியில் இருக்கும் திருகுகளைப் பார்த்தார், இறுக்கமாக இருந்தன. கண்ணாடியை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து, குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவில் நுழைத்தார். இது இங்கே எல்லோரும் செய்கிற சோதனை. நோட்டு தடையில்லாமல் உள்ளே ஓடினால் குழல் மரத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். நோட்டு ஒரு விரல்கடை போய் நின்றுவிட்டது. கட்டையைக் கழற்றினார். வெளியே கண்ணாடி மாதிரி வார்னிஷ். உள்ளே வெறும் மரம், ஒரு பூச்சு வார்னிஷ்கூட இல்லை. வலப்பக்க விளிம்பில் குழல் உரசி உரசி ஒரு கறுத்த பளபளப்பு.

கோடையில் காய்ந்திருந்தால் தொடாது. நவம்பரில், தினமும் ஆவி குடித்து, மரம் உப்பி, குழலை இடப்பக்கம் தள்ளும்.

மான் அடிக்காததால் சவுனா அறை. சவுனா அறையால் மான் அடிக்கவில்லை. அவ்வளவுதான் ஜுரம்.

7.

இங்கேதான் எனக்குக் கெர்மிட்டை நம்ப முடியாமல் போயிற்று.

அந்த மனுஷன் கதவு வேலைக்காரர். மழைக்காலத்தில் கதவு இறுகினால், ஜன்னல் மூடாவிட்டால், ஊரே அவரைத்தான் கூப்பிடுகிறது. மரம் ஈரத்தில் உப்பும் என்பது அவருக்குச் சோறு போடுகிற விஷயம். அவர் எப்படி இதை யோசிக்காமல்—

கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய தலைவலி. அவரைப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவராக மாற்றி எழுதினேன். சுலபமாகப் போயிற்று. அப்புறம் தபால்காரராக. இன்னும் சுலபம். எந்தக் கெர்மிட்டும் எனக்குக் கோபத்தை வரவழைக்கவில்லை. பழையபடி இழைப்புளியைக் கையில் கொடுத்தேன்.

கதவுக் கடை முதலாளி ஒருமுறை கூட்டுச் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "எனக்குச் சமயத்துல கை நடுங்கும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். மூன்றாம் மாடியில் கண்ணாடி ஜன்னல் தூக்கி மாட்டுகிற கை. அய்லி அக்கா, "அவருக்குத் தைரியம் பத்தாது" என்பதை, குழம்பில் உப்புப் பத்தாது என்கிற மாதிரிச் சொல்வாளாம். இதையெல்லாம் டேரில் என்னிடம் இடையிடையே, டயர் கடைத் தொலைக்காட்சியைப் பார்த்தபடி சொன்னார்.

ஒரு மனுஷனிடம் 'நீதான் கோளாறு' என்று போதுமான அளவு சிரித்துச் சொன்னால், அவன் வேறு எதையும் கழற்றிப் பார்க்க மாட்டான் போலிருக்கிறது. எனக்குக் கிடைத்த விளக்கம் இதுதான். திருப்தியில்லை. உங்களிடம் வேறு இருந்தால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

8.

டேரில் சமையலறைக்குப் போனார்.

"மச்சான், உப்புத்தாள் இருக்கா?"

"வண்டியில டூல் பெட்டியில. எதுக்கு?"

"கதவு ஒண்ணு உரசுது."

கெர்மிட் உருளைக்கிழங்கிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்தக் கதவு?"

அந்தக் கேம்ப்பில் உரசுகிற கதவு கிடையாது. அத்தனையும் அவர் இழைத்தது.

"பின்னாடி... வெறகுக் கொட்டகை," என்றார் டேரில்.

"வெறகுக் கொட்டகைக்குக் கதவே இல்ல மாப்ளே."

டேரில் வண்டிக்குப் போய் உப்புத்தாளை எடுத்துக்கொண்டார். துடைப்பக் கட்டையில் சுற்றி, மரத்தின் உள்வாயைத் தேய்த்தார். நோட்டு விட்டுப் பார்த்தார், தேய்த்தார். கறுத்த பளபளப்பு போய், புது மரம் தெரிந்தது. நோட்டு கடைசிவரை ஓடியது. மெழுகுவத்தியை உருக்கி உள்ளே பூசி, ஈரம் ஏறாமல் அடைத்தார். மத்தியானம் காகிதத் தட்டின் நடுவில் மூன்று ஓட்டை. மறுநாள் காலை கொம்புமான் விழுந்தது.

ஒரே ஒரு உப்புத்தாள். அதுவும் கெர்மிட்டுடையது.

ராட்னி கைதட்டினார். துப்பாக்கி தாழ்வாரத்துக்கு மாறியது. "பாத்தீங்களாய்யா? துப்பாக்கி மேல குத்தமே இல்லன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். அடுப்படிக்கும் கேட்கிற மாதிரி.

9.

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

அ) விருந்தில் டேரில் எழுந்து உண்மையைச் சொல்கிறார். ராட்னி கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். கெர்மிட்டை எல்லோரும் தோளில்— ராட்னிக்குத் தோளில் வலி. மேலும், ராட்னியை இதற்குள் உங்களுக்கே தெரியும்.

ஆ) டேரில் வாயைத் திறக்கவில்லை. நல்ல துப்பாக்கி, தாழ்வாரத்து ஆணி, எதற்கு வம்பு. இது நடக்கக்கூடியது. நான் எழுதியிருந்தால் இதோடு நிறுத்தி, இலக்கியம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

இ) நடந்தது. அதாவது, டேரில் சொன்னவரைக்கும்.

விருந்தன்று மத்தியானம். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. ராட்னியின் மருமகன் புதுத்தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். சமையலறையில் கெர்மிட் அடுப்பிலிருந்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டிகளை எடுத்துக்கொண்டிருக்கிறார். டேரில் வாசலில் வந்து நிற்கிறார்.

"மச்சான், உங்ககிட்ட ஒண்ணு..."

"எந்தப் பக்கம் இடிச்சுது?" திரும்பாமலே கேட்டார் கெர்மிட்.

டேரில் கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "வலது பக்கம்."

"அதான் இடதுல போச்சு."

"ஆமா."

"உள்ள வார்னிஷ் இல்லியா?"

"ஒரு கோட்டுகூட இல்ல."

கெர்மிட் தட்டை மேசையில் வைத்தார். பாஸ்டிகளை வரிசையாக, ஓரம் பார்த்து, நேராக அடுக்கினார்.

"எப்ப தெரியும் மச்சான் உங்களுக்கு?"

"நீ உப்புத்தாள் கேட்டப்போ."

"அதுக்கு முன்னாடி தோணவே இல்லியா? நீங்க போய்..."

"அதத்தான்டா நானும் அன்னிலேர்ந்து கேட்டுட்டிருக்கேன்."

டேரில், "வாங்க, இப்பவே போய் அவங்ககிட்ட சொல்லிடறேன். சாவி குடுக்கத் தேவையே இல்ல" என்றார். நிஜமாகவே சொன்னாராம். துப்பாக்கியைக்கூடத் திருப்பித் தரத் தயாராக இருந்தாராம்.

"சொல்லாத."

"ஏன் மச்சான்?"

கெர்மிட் கையைத் துண்டில் துடைத்தார். "இப்ப நான் யாருடா? ஜுரம். மானைப் பாத்தா கை நடுங்கறவன். சரி, சில பேருக்கு அப்படி, விட்ருவாங்க. நீ போய்ச் சொன்னா? மரம் உப்பிச்சுன்னு தெரியாத கதவுக்காரன். ஊர்ல ஒரு பய இனிமே கதவைக் காட்டுவானா எங்கிட்ட? பயந்தவன்னு சொன்னாப் பொழச்சுக்கலாம் மாப்ளே. முட்டாள்னு சொன்னா எப்படிப் பொழைக்கிறது?"

"பங்கு போயிடும் மச்சான்."

"அந்தத் தட்டை எடு, ஆறிடும்."

10.

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். கெர்மிட் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு உட்கார்ந்தார். டேரில் ஒரு பெரிய வாயாகக் கடித்தார். அப்போது ராட்னி, மேசைத் தலைமாட்டிலிருந்து, நல்ல மனநிலையில், கேட்டார்:

"அது சரி டேரில், ஜுரத்தோட துப்பாக்கிக்கு என்ன வைத்தியம்டா பண்ணின? ரகசியத்த சொல்லு, பையனும் கத்துக்கட்டும்."

பையன் சாவிக்காகக் கையை ஏற்கெனவே மேசைமேல் வைத்திருந்தான். கெர்மிட் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேரில் மென்றுகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் டயர் கடைக்காரர் "செப்பானென், வண்டி ரெடி" என்று கூப்பிட்டார். டேரில் எழுந்து, பணம் கட்டி, எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவரைத் தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேம்ப் சாவி யாரிடம் இருக்கிறது என்பது இந்த ஊரில் எந்த பெட்ரோல் பங்கிலும் தெரியும். அங்கேயும் கேட்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அதைக் கெர்மிட்டின் தலையில் ஏற்றுகிற வேலை என்னுடையதாகிவிடும்.

ஆகவே டேரில் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார். அவர் சொன்னால் பங்கு மிஞ்சும், கெர்மிட்டின் தொழில் போகும். சொல்லாவிட்டால் தொழில் மிஞ்சும், பங்கு போகும். ராட்னிக்கு எப்படியும் ஒரு சிரிப்பு உண்டு.

உங்களுக்கு ஒரு வாக்கியம் தருகிறேன். டேரில் விழுங்குவதற்குள் எழுதிவிடுங்கள்:

"பெருசா ஒண்ணுமில்ல அண்ணே,